உப்பளக் கந்தோரில் ஒரு லினக்ஸ்

நெட்வேர்க் திருத்துகிறவனை யாரும் சுகம் விசாரிக்கக் கூப்பிடுவதில்லை. கல்யாண வீட்டில் சஹன் என்ற பெரிய தட்டைச் சுற்றிச் சாப்பிட உட்கார்ந்தாலும், பக்கத்தில் இருப்பவர் "எங்கட கந்தோர்ல இன்டர்நெட் லைன் விட்டு விட்டு வருது" என்று ஆரம்பித்துவிடுவார். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மற்றவர்கள் கொஞ்சம் இரக்கப்பட்டால் போதும்.

தாரா வந்த நாள்

புத்தளத்தில் ஓர் உப்பளத்தின் அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர். உள்நாட்டுச் சண்டை முடிந்து பாதை திறந்ததும் வடக்குக்கு லொறி லொறியாக உப்புப் போகத் தொடங்கிய காலம். ஏற்றிய விவரத்தை றிஸானா என்ற பிள்ளை கொழும்புக்கு அனுப்புவார். அங்கிருந்து அனுமதி வந்தால்தான் லொறி கேட்டைத் தாண்டும். பென் டிரைவில் வந்த வைரஸால் அவருடைய கொம்பியூட்டர் அடிக்கடி படுத்துவிடும். நான்தான் பெரிய ஆள் மாதிரி, "இந்த சிஸ்டத்தை எடுத்துட்டு லினக்ஸ் போடுவோம், வைரஸ் கிட்டவும் வராது" என்று வாக்குக் கொடுத்தேன்.

முதலாளி ஹாஜியார் திரையில் தெரிந்த லினக்ஸின் சின்னமான பென்குவினை நெடுநேரம் பார்த்தார். அவர் கண்ணுக்கு அது தாரா, அதாவது வாத்து. "தம்பி, ஊரெல்லாம் வேற ஒண்டப் பாவிக்க, எங்களுக்கு மட்டும் ஏன் இந்தத் தாரா?"

கை ராசி

அடுத்த கிழமையே றிஸானா போன் எடுத்தார். அண்ணனை எங்கள் ஊரில் நானா என்போம். "நானா, பகல் லுஹர் தொழுதுட்டு வந்து பாத்தா லைன் இல்ல. லொறிக்காரங்க ஹோன் அடிச்சே கொல்றாங்க!" மற்ற அறைகளில் லைன் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. ஆகவே குற்றவாளி லினக்ஸ்தான் என்று கந்தோர் முழுவதும் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

நானும் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு அப்படியே மோட்டார் சைக்கிளில் பறந்தேன். கறுப்புத் திரையைத் திறந்து, நெட்வேர்க்கை நிறுத்தித் தொடங்கும் கட்டளையை அடித்தேன். அசைவே இல்லை. இன்னொரு தரம் அடித்தேன். அந்த நேரம் பார்த்து, உப்பு நிறுக்கும் நவாஸ் சாப்பிட்டுவிட்டு வந்தார். றிஸானாவின் அறையில், அலுமாரிக்கு மேல் இருந்த அவருடைய ரேடியோ பாடத் தொடங்கியது. லைனும் வந்தது. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். நவாஸுக்கும் சந்தோஷம். "உங்கட கை ராசி நானா! லைனும் வந்திட்டு, பாட்டும் வந்திட்டு."

உப்புக் காற்று

மறுநாளும் அதே கதை. ஆளில்லாத நேரம் கொம்பியூட்டர் தூங்கிப்போகிறது என்று முடிவெடுத்து, இனித் தூங்கவே கூடாது என்று செட் பண்ணினேன். லைன் வந்தது. மறுபடி போனது. பிறகு பழியை உப்புக் காற்றின் மேல் போட்டேன். எங்கள் கரையில் பூட்டு, ஆணி, சைக்கிள் ஒன்றையும் துரு விட்டுவைப்பதில்லை. கேபிளை மட்டும் விடுமா? அலுமாரிக்குப் பின்னால் போய் மறையும் அந்தக் கேபிளின் இந்தப் பக்கத்துத் தலையை வெட்டிப் புதுத் தலை போட்டேன். அலுமாரி நிறையப் பைல்கள். அதை நகர்த்திப் பார்க்க எனக்குச் சோம்பல்.

அன்றைக்கு நவாஸ் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பின்னேரம் அசர் தொழுகைக்குத்தான் வந்தார். லைனும் அசருக்குத்தான் வந்தது. அதுவரை லொறிகள் வெயிலில் நின்றன. எல்லாரிடமும் ஏச்சு வாங்கிய றிஸானா அழாத குறை. நான் வேலை பார்க்கும் கந்தோர்களில் பாதி ஹாஜியார் சொல்லிக் கிடைத்தவை. அவர் கத்தியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார். "நாளைக்கும் லைன் போனா, தாராவையும் கூட்டிக்கிட்டு நீங்களும் போயிருங்க தம்பி."

காவல்

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டால் பள்ளிவாசலுக்குப் போய்விடுகிறவன் நான். அதனால் லைன் போகும் நேரத்தில் அங்கே இருந்ததே இல்லை. மறுநாள் மட்டும், பிறகு தொழுதுகொள்வோம் என்று றிஸானாவின் கதிரையில் உட்கார்ந்துகொண்டேன். கொழும்பிலிருந்து வரும் பதில் வரிவரியாகத் திரையில் ஏறும்படி கட்டளை கொடுத்துவிட்டுக் கண் இமைக்காமல் பார்த்தேன். பாங்கு தொடங்கியது. றிஸானா கைகால் கழுவி வுழூ எடுக்கப் போனார். ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. தொப்பியைச் சரிசெய்தபடி ஹாஜியார் உள்ளே வந்தார். "பாங்கு சொல்லக்குள்ள என்ன பாட்டு!" என்று முணுமுணுத்துக்கொண்டே சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் போனார். அவசரத்தில் என்னைக் கவனிக்கவே இல்லை. பாட்டு நின்றது. வரிகளும் நின்றன.

அலுமாரியை இழுத்தேன். பின்னால், லைனைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன ஹப் ஒன்றை யாரோ எப்போதோ வைத்திருந்தார்கள். அதுவும் ரேடியோவும் ஒரே பிளக்கில். ஹாஜியார் தினமும் நல்ல மனதோடு அணைத்தார், நவாஸ் தினமும் போட்டார். இடையில் நான் கட்டளை அடித்துப் பெயர் வாங்கியிருக்கிறேன்.

ஹப்பை வேறு பிளக்கில் மாட்டினேன். லைன் வந்தது, றிஸானா விவரம் அனுப்பினார், லொறிகள் புறப்பட்டன. ஆனால் முதலாளியிடம் "நீங்கதான்" என்று எப்படிச் சொல்வது? தொழுதுவிட்டு வந்தவரிடம் அந்தப் பிளக்கைக் காட்டிச் சொல்லி முடித்தேன். றிஸானா சிரிப்பை அடக்கப் பைல் ஒன்றால் முகத்தை மறைத்தார். ஹாஜியார் என்னைப் பார்த்தார், சுவிட்சைப் பார்த்தார், கடைசியில் பென்குவினைப் புது மரியாதையோடு பார்த்தார். "அப்ப இந்தக் கந்தோர்ல பாங்குக்கு வேலைய நிப்பாட்டினது இது மட்டுந்தான். தம்பி, மத்த எல்லா மெஷினுக்கும் இந்தத் தாராவையே போடுங்க."

அன்றிலிருந்து, லைன் இல்லை என்று எந்தக் கந்தோர் கூப்பிட்டாலும், கொம்பியூட்டரைத் தொடுவதற்கு முன் ரேடியோ எங்கே செருகியிருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.