அக்காவின் தலைக்கு வைத்த சீயக்காய்

முருகப்பெருமான் சாட்சியாக எழுதுகிறேன்.

இதை எழுதப் பல வருஷங்களாக எனக்குத் தைரியம் வரவில்லை. அக்கா உயிரோடு இருந்தபோதே எழுதியிருக்க வேண்டும். காகிதத்தை எடுப்பேன், முதல் வரிக்கு மேல் கை ஓடாது. முதலாண்டுத் திதிக்கு வந்திருக்கும் உறவினர்களும் சிநேகிதர்களும், நாலாம் வகுப்போடு நின்றவனின் பிழைகளைப் பொறுத்து, முடிவு வரை வாசிக்க வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது ஆலங்காயத்தில். தாய் தகப்பனார் ஒரே வாரத்தில் பேதியில் போனபின் என்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவர் அவர்தான். ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டபோதும் என்னை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று கையோடு அழைத்துவந்தார். அத்தான் மூன்றே வருஷத்தில் காலமானார். பிள்ளையில்லை. பிறகு தலை தேய்க்கும் பொடி இடித்துத்தான் அக்கா என்னை ஆளாக்கினார். ஆலங்காயத்து மலைச் சீயக்காய், வெந்தயம், பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, நிழலில் காய்ந்த எலுமிச்சைத் தோல், ஆவாரம்பூ, இவ்வளவுதான் சேர்மானம். ஆவாரம்பட்டை வண்டி வண்டியாகத் தோல் பதனிடும் சாலைகளுக்குப் போகும். பூவை அக்கா மடியில் கட்டி வருவார். "பட்டைய முதலாளிங்க எடுத்துக்கட்டும். பூவுக்கு நான்தான் முதலாளி" என்று சிரிப்பார்.

இடித்த பொடி சூடாக இருக்கும். துணியில் பரப்பி ஆறவிட்டுத்தான் பானையில் போடுவார். ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் கண்டு படுத்துவிட்டதால், பரப்பும் வேலையை என்னிடம் விட்டார். நான் அப்போது தோல் பதனிடும் ஷாப்பில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தோலிலிருந்து மயிர் கழல்வதற்காகச் சுண்ணாம்போடு ஒரு மருந்துத்தூள் கலப்பார்கள். அது வந்த சாக்கைக் கொளுத்திவிடும்படி மேஸ்திரி சொல்லியிருந்தார். நல்ல கெட்டிச் சாக்கு, வீணாக்குவானேன் என்று நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். நான்கு தடவை உதறினேன். பொடியை அதன்மேல் பரப்பினேன்.

அந்தப் பொடியை முதலில் வாங்கியது அடுத்த வீட்டு நாகம்மாள். அவள் மகள் குப்புவுக்கு இடுப்பளவு கூந்தல். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது. மறுநாள் காலையில் நாகம்மாள் முறத்தில் மயிரை அள்ளிப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாம்மா கலந்த இதுல? எம்பொண்ணு தலை தீயா எரியுதுன்றா. சீப்பு வெச்சா கொத்துக் கொத்தா வருது. பரிசம் போட்ட பொண்ணும்மா!"

"இத்தினி வருசமா என் பொடியத்தான தேய்ச்சிக்கிறீங்க நாகம்மா? எப்பனாச்சும் எரிஞ்சிதா?"

"முன்ன நல்லாத்தான் இருந்திச்சி. ஜாஸ்தி விக்கணும்னு இன்னாத்தையோ சேத்துட்ட."

தெருவே கூடிவிட்டது. அக்கா என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீதான ஆற வெச்ச? அந்தச் சாக்கு சுத்தமானதுதான?"

மேஸ்திரி சொன்னது எனக்கு அந்த நிமிஷமே ஞாபகம் வந்தது. வேலை போய்விடும், தெருவே என்னை அடிக்கும் என்று பயந்தேன்.

"சுத்தம்தான்க்கா" என்றேன்.

அக்கா முகம் தெளிந்தது. அதே பானையிலிருந்து இரண்டு கை பொடியை அள்ளி, எல்லோரும் பார்க்கக் கரைத்து, வாசற்கல்லில் உட்கார்ந்து தன் தலையில் அப்பித் தேய்த்தார். "பாரு நாகம்மா, என் தலைக்கு ஆகாதத உன் பொண்ணுக்குக் குடுப்பனா?" என்றார். நான் பக்கத்தில் நின்றேன். தடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அக்கா உதட்டைக் கடிப்பதைக் கண்டேன். ஆனாலும் நாகம்மாள் போகும்வரை அவர் தலையை அலசவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பரிசத்தைத் திருப்பி வாங்கிப் போனார்கள். குப்புவைப் பிறகு அரக்கோணத்தில் இரண்டாம்தாரமாகக் கொடுத்தார்கள். அக்காவிடம் தெருவில் ஒருவரும் பொடி வாங்கவில்லை. அவர் தலை புண்ணாகி, பல இடங்களில் மயிர் முளைக்கவேயில்லை. நான் அவரைத் திருத்தணிக்கு அழைத்துப் போய் மிச்சத்தையும் மழிக்கச் செய்து, முருகனுக்கு வேண்டுதல் என்று உறவினரிடமெல்லாம் சொல்லி வைத்தேன். அக்கா முக்காடு போட்டிருந்ததை நீங்கள் பக்தி என்று கையெடுத்துக் கும்பிட்டீர்கள். சுவாமி பேரில் நான் சொன்ன பொய் அது.

அக்கா என்னை ஒருநாளும் கேட்கவில்லை. வீட்டுத் தேவைக்குப் பொடி இடித்தபோதெல்லாம் தன் புடவையை மட்டுமே விரித்தார். பரப்பும் வேலையை என்னிடம் மறுபடி விட்டதேயில்லை.

மூன்று மாதம் படுக்கையில் இருந்து அக்கா இறைவனடி சேர்ந்தார். குளிப்பாட்டும்போது முக்காட்டை எடுத்தார்கள். எண்ணெயும் சீயக்காயும் வைக்க உறவினர் வரிசையாக வந்தார்கள். "முருகனுக்குக் குடுத்த தலை" என்று யாரோ சொல்ல, என் விரலில் எடுத்த சீயக்காய் அப்படியே காய்ந்தது. என்னால் வைக்க முடியவில்லை. அப்போது ரயிலில் வந்து சேர்ந்த குப்பு, என்னைத் தாண்டிப் போய், அந்தத் தழும்புகளின்மேல் மெல்லத் தடவி, "பெரிம்மா, இனி எரியாது" என்றாள்.

திதிக்கான இந்த நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்குமுன் அரக்கோணம் போய்க் குப்புவிடம் எல்லாம் சொன்னேன். அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. "இத்தினி வருசம் பெரிம்மா மேலயே கோவமா இருந்துட்டனே மாமா" என்றாள். பிறகு, "எழுதிப் போடு" என்றாள்.

அக்காவுக்குக் கடைசிவரை கஞ்சி காய்ச்சிக் கொடுத்த எதிர்வீட்டு பீவிக்கும், வேலூரிலிருந்து வந்து பார்த்த வைத்தியருக்கும், தோள் கொடுத்த எல்லோருக்கும் நான் கடமைப்பட்டவன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது வேண்டுதல் என்று சொல்லாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு எதையும் குறைக்காதீர்கள். அக்காவின் பொடியில் குற்றமில்லை. அவர் கேட்டார், தம்பி சுத்தம் என்றான், அவர் நம்பினார். இதை இப்படியே சொல்லுங்கள்.