பிலோமினாவின் காலை ஷிப்ட்

அந்த நாற்காலி எப்போதும் சூடாக இருக்கும். கிள்ளானில் நான் டயாலிசிஸ் (பழுதான சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் இரத்தத்தைச் சுத்தப்படுத்துவது) செய்துகொள்ளும் மையத்தில், காலை ஷிப்ட் முடிந்து பிலோமினா எழுந்தால்தான் இரண்டாவது ஷிப்டுக்கு வரும் நான் உட்கார முடியும். ஒரு வெள்ளிக்கிழமை உட்கார்ந்தபோது சில்லென்று இருந்தது.

மிஸ்ஸியிடம் கேட்டேன். (இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவோம்.) பிலோமினா தங்கை மகளின் கல்யாணத்துக்கு ஈப்போ போய்விட்டாளாம், திங்கட்கிழமை வருவாளாம். எனக்குக் கோபம் தலைக்கேறியது. மிஸ்ஸி ஊசி குத்தும்போதே அவளை வாய்ஸ் மெசேஜில் நன்றாகத் திட்டினேன். சாயங்காலம் அவளிடமிருந்து பதில் வந்தது. பின்னால் நாதஸ்வரச் சத்தமும் சிரிப்பும் கேட்டன.

“ஒரு நாள்தானேடி. திங்கக்கிழமை சேத்து எடுத்துக்கிறேன்லா.”

நம்மில் பலர் செய்யும் தவறு இதுதான். இந்தச் சிகிச்சையைப் பாக்கி வைத்துப் பிறகு சேர்த்துச் செய்யலாம் என்று நினைக்கிறோம். உடம்பு அப்படிக் காத்திருக்காது.

திங்கட்கிழமை நாற்காலி மறுபடியும் சில்லென்று இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே மிஸ்ஸி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். ஞாயிறு விடியற்காலையில் பிலோமினா படுக்கையிலேயே போய்விட்டாளாம். சுற்றுக்கு வந்த டாக்டர் எனக்கு ஊசி போடுவதுபோல வெடுக்கென்று சொன்னார்: “பொட்டாசியம் (காய்கறி, பழம், பருப்பில் உள்ள தாது உப்பு) ஏறிடுச்சுன்னா, இருதயம் சொல்லிட்டு நிக்காதும்மா.” அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்குக் கண்ணீர் வரவில்லை. அடிப்பாவி, போயும் போயும் ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்கா என்றுதான் மனம் கொதித்தது.

எங்கள் சிநேகிதம் இரண்டு ஷிப்டுக்கும் நடுவில் கிடைக்கும் இடைவேளையில் உண்டானது. ஊசியை எடுத்த பிறகு, இரத்தம் நிற்கும்வரை அந்த இடத்தைப் பஞ்சு வைத்து அழுத்த வேண்டும். அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம், அழுத்த முடியாது. இயந்திரத்தைக் கழுவி எனக்குத் தயார் செய்யும்வரை நான் அழுத்துவேன். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள், ஆனால் அக்கா என்றால் திட்டுவாள். என் புருஷனைப் பற்றி நானும், அவள் மருமகளைப் பற்றி அவளும் பேசித் தீர்க்காதது எதுவும் இல்லை.

அவள் மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து வர வேண்டும் என்பதால் அடக்கத்தைப் புதன்கிழமை வைத்தார்கள். முற்பகல் பதினொரு மணிக்குத் தேவாலயத்தில் பூசை, பிறகு கல்லறை. எனக்கு டயாலிசிஸ் அதே நாள், அதே நேரம்.

போதாக்குறைக்கு அந்த வாரம் வீட்டில் எல்லாம் ஒன்றாகக் கூடிக்கொண்டது. எங்கள் பிளாட்டில் லிஃப்ட் கெட்டது. மறுநாள் தண்ணீர் நின்றது. கீழே தண்ணீர் லோரி வந்தால் வாளியில் பிடித்து நாலு மாடி ஏற்ற வேண்டும். எனக்கு இடது கையில் பிஸ்டுலா (ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த வழி) இருப்பதால் அந்தக் கையில் பாரம் தூக்கக்கூடாது. புருஷன் லோரி எடுத்துக்கொண்டு ஜொகூர் போயிருந்தார். தையல் கடை முதலாளியம்மா வேறு, பிளவுஸ் பாக்கி நிற்கிறது, எப்போது வருகிறாய் என்று போன் மேல் போன்.

செவ்வாய்க்கிழமை ஐஸ் பெட்டியும் (ஃபிரிட்ஜ்) நின்றுபோனது. திறந்தால் நாற்றம் குடலைப் பிடுங்கியது. பிலோமினாவுக்காக வராத அழுகை, கெட்டுப்போன மீனைப் பொட்டலம் கட்டும்போது வந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்தேன். கைகழுவக்கூடத் தண்ணீர் இல்லை.

அடக்கத்துக்குப் போகாமல் இருக்க என்னால் முடியாது. டயாலிசிஸை விடவும் முடியாது. விட்டவள்தான் பெட்டியில் படுத்திருக்கிறாளே. மிஸ்ஸிக்குப் போன் போட்டு, புதன்கிழமை வேறு நேரம் கிடைக்குமா என்று கேட்டேன். அவர் அட்டவணையைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“காலைல ஒரே ஒரு மெஷின்தான் காலியா இருக்கு. எதுன்னு உங்களுக்கே தெரியும்லா.”

“தெரியும் மிஸ்ஸி. அதுலயே போடுங்க.”

புதன் விடியுமுன் நாலு மாடி இறங்கி, கிராப் (வாடகைக் கார்) பிடித்துப் போனேன். காலை ஷிப்டில் எனக்கு யாரையும் தெரியாது. அவர்கள் எல்லோருக்கும் அந்த நாற்காலியைத் தெரிந்திருந்தது. பக்கத்து இயந்திரத்தில் இருந்த, தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து வரும் அங்கிள், “அது பிலோமினா இடம்மா” என்றார். இன்று மட்டும்தான், அவளைப் பார்க்கப் போகத்தான் என்று சொன்னேன். அவர் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

முடியும் நேரத்தில் பிரஷர் இறங்கிக் கண் இருட்டியது. காலை உயர்த்திப் படுக்க வைத்தார்கள். ஏறும்வரை எழக்கூடாது என்றார் மிஸ்ஸி. கூரையைப் பார்த்தபடி, எனக்குத் தெரிந்த சாமிகளையும் அவளுடைய மாதாவையும் சேர்த்துக் கெஞ்சினேன்.

தேவாலயத்துக்குள் நுழைந்தபோது பூசை முடிந்து, பெட்டியை மூடுவதற்கு முன் கடைசியாகப் பார்க்க வரிசை நின்றது. வெள்ளை லேஸ் சட்டை, முழுக்கை. ஜெபமாலையை விரல்களில் சுற்றியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் என் கை தானாகப் போய் அவள் முழங்கை மடிப்புக்குக் கீழே விழுந்தது.

பிஸ்டுலா உள்ளவர்கள் தினமும் காலையில் அப்படித் தொட்டுப் பார்ப்போம். உள்ளே இரத்தம் ஓடும் அதிர்வு தேனீக்கூட்டம்போல் விர்ரென்று விரலுக்குத் தெரியும். அது நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவள் கையில் ஒன்றுமே இல்லை. விரலை நகர்த்தி நகர்த்தித் தேடினேன். பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். அவள் கணவர் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து, “போதும்மா” என்றார். அப்போதுதான் அவள் இறந்துவிட்டாள் என்பது எனக்கு உறைத்தது.

இரண்டு நாள் கழித்து மிஸ்ஸி கேட்டார், காலை ஷிப்டையே நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறீர்களா என்று. எடுத்துக்கொண்டால் மதியம் கடைக்குப் போகலாம், வேலையும் நிலைக்கும். வெட்கமாக இருந்தது. வேண்டும் என்றேன்.

தண்ணீர் வந்துவிட்டது. லிஃப்ட் இன்னும் வரவில்லை. வாரத்துக்கு ஏழு நாள் என்ற கணக்கு எனக்குப் போய்விட்டது. திங்கள், புதன், வெள்ளி, அவ்வளவுதான். மற்ற நாட்கள் அவற்றுக்கு நடுவில் எப்படியோ கிடக்கின்றன. இந்த உடம்பு என்னுடையது என்று முன்போல் அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. ஷிப்டுக்கு ஷிப்ட் கையில் தருகிறார்கள், வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன்.

உங்களுக்கும் இதே பிழைப்பு என்றால் ஒன்று சொல்கிறேன். கல்யாணமோ சாவோ, எது வந்தாலும் டயாலிசிஸ் நாளைத் தவற விடாதீர்கள். முன்கூட்டியே போன் போட்டு, வேறு நேரத்தில் நாற்காலி காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். எப்படிக் காலியானது என்று மட்டும் கேட்காதீர்கள். போய் உட்காருங்கள்.