தம்பி மனைவியின் வயிற்றுவலி

பரிசோதனைக் கூடத்தில் அவரைப் பூச்சிக்காரம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால். மலத்தைத் துளி எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பூச்சி முட்டைகளைத் தேடுவது அவர் வேலை. தலை நரைத்தது அந்த நாற்காலியில்தான். அவர் வாய்க்கு டாக்டர்களே பயப்படுவார்கள்.

அவருடைய தம்பி மனைவிக்கு மாதக்கணக்கில் வயிறு சரியில்லை. சாப்பிட்டதும் உப்புசம், உடனே கழிவறைக்கு ஓட்டம். வளையல்கள் முழங்கை வரை ஏறும் அளவுக்கு இளைத்துவிட்டாள். அவளுடைய மல மாதிரியைப் பூச்சிக்காரம்மாதான் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார்.

“நல்லாப் பாத்தீங்களா அண்ணி?” என்றாள் அவள்.

“எனக்கே பாக்கக் கத்துத் தரியா? வயித்துல ஒண்ணுமில்ல. வேலைக்கு உடம்பு வணங்கல, அதான் இந்த நடிப்பு.”

தம்பி அக்கா பேச்சை அப்படியே பிடித்துக்கொண்டான். மனைவி கழிவறைக்கு எழுந்தாலே, “நாடகம் ஆரம்பிச்சாச்சு” என்பான்.

அந்தச் சமயத்தில், கிருமிகளின் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் மெஷின் ஒன்று பக்கத்து அறைக்கு வந்தது. அதை இயக்க ஓர் இளம்பெண்ணும் வந்தாள். மெஷினுக்குப் ‘பொட்டி’ என்றும் அவளுக்குப் ‘பொட்டிக்காரி’ என்றும் பெயர் வைத்த பூச்சிக்காரம்மா, ஒரு மாதிரியைக்கூட அங்கே அனுப்பவில்லை.

தம்பி மனைவி யாரிடமும் சொல்லாமல் நேராக அந்த அறைக்குப் போய்ச் சோதித்துக்கொண்டாள். குடலில் ஜியார்டியா என்னும் கிருமி இருப்பது தெரிந்தது.

பொட்டிக்காரி முடிவைக் கொண்டுவந்தாள். “இது தினமும் வெளிய வராது மேடம். வந்தாலும் கொஞ்சமா இருந்தா கண்ணுக்குத் தப்பிடும். உங்க மேல தப்பில்ல.”

“என் கண்ணுக்கு நீ சர்டிபிகேட் தராத. மிச்ச மாதிரிய எடுத்துட்டு வா!”

காலை முழுக்கக் கண்ணாடி மேல் கண்ணாடியாகத் தடவிப் பார்த்தார். யாரையும் கிட்டே விடவில்லை. பொட்டி பொய் சொல்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் சட்டென்று அடங்கிப்போனார். நீள்வட்டமாக அந்தக் கிருமி, ஒன்றே ஒன்று, ஓரத்தில் கிடந்தது. விளக்கை அணைத்துவிட்டு எழுந்துபோனார்.

மாத்திரையில் தம்பி மனைவி தேறினாள். பார்க்கப் போன பூச்சிக்காரம்மாவை வாசலிலேயே மறித்தாள்.

“கண்ணுல படலன்னு சொல்லியிருந்தா நான் ஏன் கோவப்படப் போறேன் அண்ணி? நடிக்கறேன்னு சொன்னீங்களே, அது மைக்ராஸ்கோப்புல தெரிஞ்சுதா?”

“அக்கா சொன்னாங்கன்னுதான் நானும்…” என்று தம்பி இழுத்தான்.

“நீங்க வாயத் தொறக்காதீங்க!”

மன்னிப்பு என்ற சொல் பூச்சிக்காரம்மாவுக்கு வாய்வரை வந்தது. வெளியே வந்ததோ, “பெரியவங்கள நிக்க வச்சுப் பேசறது என்ன வளர்ப்பு?” என்பதுதான். கதவு அவர் முகத்தில் சாத்தப்பட்டது.

அதன் பிறகு, தொந்தரவு தீராத நோயாளிகளின் மாதிரிகளை அவரே பொட்டிக்காரியின் மேசையில் டொக்கென்று வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒருநாள், எதுவுமில்லை என்று பொட்டி சொன்ன ஒரு நோயாளியின் மாதிரியில் சாட்டைப்புழு முட்டையைக் கண்டுபிடித்து, கூடமே அதிரக் கூப்பிட்டார்: “இங்க வா! உன் பொட்டிக்கு இது தெரியாதாமே?”

“அதைத் தேடுற வசதி இதுல இல்ல மேடம்,” என்றாள் அவள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. அன்று முதல் அவளும் சில மாதிரிகளை இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். நோயாளிகளுக்கு நல்லதாயிற்று. இருவருக்கும் பேச்சுவார்த்தை மட்டும் இல்லை.

தம்பி மனைவி இன்றுவரை அவர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. தம்பி மட்டும் எப்போதாவது வருவான். செருப்பைக் கழற்றாமலே நின்று பேசிவிட்டுப் போவான்.