பீடிப் பகையாளி

காரமடையில் எந்த டீக்கடையில் போய் ராசப்பன் என்று கேட்டாலும், ‘எந்த ராசப்பன்?’ என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். பீடிப் பகையாளி என்று கேட்டால் போதும். கையிலிருக்கும் பீடியை முதலில் பெஞ்சுக்கு அடியில் போட்டு மிதித்துவிட்டு, அப்புறம் வழி சொல்வார்கள். அந்த அளவுக்கு அவர் பெயர் பரவியிருந்தது.

ஆளைப் பார்த்தால் பயப்படும்படி ஒன்றும் இருக்காது. ஒல்லி உடம்பு, மடித்துக் கட்டிய வேட்டி, தோளில் ஒரு துணிப்பை. ஆனால் எவனாவது பீடியைப் பற்ற வைத்துவிட்டால் மனிதருக்குச் சாமி வந்துவிடும். பஸ் ஸ்டாண்டோ சந்தையோ, வாயிலிருந்து பிடுங்கித் தரையில் தேய்த்துவிட்டுத்தான் பேச்சே ஆரம்பிப்பார். அடிவாங்காமல் எப்படித் தப்பித்தார் என்பது காரமடைக் கோயில் ரங்கநாதருக்கே வெளிச்சம்.

காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய அப்பா காரமடைக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் பண்ணையாளாக இருந்தவர். ஏர் ஓட்டும்போதும் பீடி, தண்ணீர் கட்டும்போதும் பீடி. கடைசியில் இருமி இருமி, கட்டிலில் உட்கார்ந்தபடியேதான் உயிர் போனது. ராசப்பனும் அப்பன் வழியில் பீடி குடித்துக்கொண்டு திரிந்தவர்தான். துடியலூர்ப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் வேலை கிடைத்த பிறகும் விடவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருஷம் அந்த மில்லுக்கு டாக்டர் ராமாமணி பேச வந்தார். கோயமுத்தூரில் பெயர் பெற்ற டாக்டரம்மா. புகையிலையை எதிர்த்து உலகம் முழுக்க ஒரே நாளில் ஒட்டுகிற படங்கள் என்று சொல்லி, வெளிநாட்டிலிருந்து வந்த படங்களைச் சுவரில் மாட்டினார். எல்லாப் படத்திலும் சிகரெட்டும் புகையும் கருகிப்போன நுரையீரலும்தான். ராசப்பன் அந்த நுரையீரலில் தன் அப்பாவைப் பார்த்தார். வாயில் போடுகிற புகையிலையைப் பற்றியும் கடைசியில் டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னார். அதற்குள் வடையும் டீயும் வந்துவிட்டதால் அந்த வார்த்தை யார் காதிலும் தங்கவில்லை.

காதில் விழுந்திருந்தாலும் மில்காரர்கள் நம்பியிருக்க மாட்டார்கள். பஞ்சு இருக்கிற இடத்தில் ஒரு பொறி பட்டால் போச்சு. அதனால் கேட்டிலேயே வாட்ச்மேன் தடவிப் பார்த்து பீடியையும் தீப்பெட்டியையும் வாங்கி வைத்துக்கொள்வார். மடியில் இருக்கும் புகையிலைப் பொட்டலத்தை மட்டும் யாரும் கேட்டதில்லை. ஷிப்ட் முடிகிறவரை அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓட்டுவதுதான் அங்கே வழக்கம். வாயில் புகையிலை இருந்தால் பஞ்சு தொண்டைக்குள் இறங்காது என்று பழைய ஆட்கள் சொல்லி வைத்திருந்தார்கள். கல்யாணமோ காதுகுத்தோ, வருகிறவர்களுக்கு நீட்டுகிற வெற்றிலைத் தட்டிலும் அது ஓர் ஓரமாக இருக்கும். அதைப் போய்க் கெட்ட பழக்கம் என்று எவன் சொல்லுவான்?

ராசப்பன் அன்றே பீடியை விட்டார். அத்தோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. தான் விட்டதை ஊரே விடவேண்டும் என்று கிளம்பினார். முதலில் அகப்பட்டவன் அவருடைய மச்சினன் சின்னான்.

சின்னான், ராசப்பனின் மனைவி பழனியாத்தாளுக்கு உடன்பிறந்த தம்பி. அதே மில்லில் அதே பிரிவில் வேலை. அவனிடம் ஒரு திறமை இருந்தது. மிஷின் ஓடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. சின்னான் நாக்கை மடித்துச் சீழ்க்கை அடித்தால் கடைசி மிஷின்காரன் திரும்பிப் பார்ப்பான். பீடியும் அப்படித்தான், மில்லை விட்டு வெளியே வந்தால் கட்டுக்கட்டாகக் குடிப்பான்; உள்ளே பலரும் போடுகிற புகையிலையை மட்டும் அவன் தொட்டதில்லை. அவன் மகளுக்கு இழுப்பு வந்து, வீட்டுக்குள் புகையே ஆகாது என்று ஆனபிறகுதான் மாமன் பேச்சுக்கு மசிந்தான்.

விட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை, ராசப்பன் வீட்டு வாசலில் வந்து நின்றான். “முடியலீங்க மாமா. கையெல்லாம் நடுங்குது. ஒண்ணே ஒண்ணு இழுத்துப்போட்டு வந்தர்றேனுங்க.”

“ஒண்ணுன்னு போனா ஒரு கட்டுல வந்து நிக்கும் மாப்ள. இந்தா, கைய நீட்டு.”

பழனியாத்தாள் மேட்டுப்பாளையம் மண்டியில் பாக்கு உரிக்கப் போய்வருகிறவள். வெற்றிலைப் பை எப்போதும் இடுப்பில் இருக்கும். ராசப்பன் அதை வாங்கி, ஒரு துண்டு புகையிலையைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவித் தன் கையாலேயே மச்சினனிடம் கொடுத்தார்.

“இத அடக்கிக்க. நெஞ்சுக்கு ஒண்ணும் பண்ணாது. முள்ள முள்ளாலதான் எடுக்கோணும்.”

“என்ற பையக் காலி பண்டறதுக்குன்னே பீடியோட பகையாட்ட இருக்குது,” என்று பழனியாத்தாள் சிரித்தாள். மூன்று பேரும்தான் சிரித்தார்கள்.

வைத்தியம் பலித்துவிட்டது. சின்னான் அதற்கப்புறம் பீடியைத் தொடவே இல்லை. ராசப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. கை நடுங்குகிறது என்று வந்தவர்களுக்கெல்லாம் அதே வைத்தியத்தைச் சொன்னார். சந்தைக்கும் தேருக்கும் சின்னானைக் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் சேர்க்க மைக் வேண்டியதில்லை. சின்னான் ஒரு சீழ்க்கை அடிப்பான், தேர்வீதியே திரும்பும். “கேட்டீங்களா? இது பீடிய விட்ட நெஞ்சுங்க!” என்று ராசப்பன் ஆரம்பிப்பார். டாக்டர் ராமாமணியே ஒருதரம் கேட்டுவிட்டுக் கைதட்டினார். காரமடையில் அவ்வளவு பெருமையோடு நடந்த மாமனும் மச்சினனும் அடுத்த இரண்டு வருஷத்தில் வேறு யாரும் இல்லை.

பீடியை விடாதவர்களும் சும்மா இருக்கவில்லை. பழகின உடம்பு, திடீரென்று விட்டால் சூடு ஏறி வாய் வெந்துபோகும் என்று டீக்கடையில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். அந்தப் பேச்சுதான் ராசப்பனுக்கு நெருஞ்சி முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்துச் சின்னானின் வாயில் புண் வந்தது. இடது கன்னத்துக்குள் வெள்ளையாக ஒரு படை, நடுவில் சிவந்த புண். குழம்பில் கொஞ்சம் காரம் சேர்ந்தாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். மில்லில் சீழ்க்கை அடிக்கப் போனால் பாதியில் காற்றாகப் போயிற்று.

“என்ன மாப்ள, டயரு பஞ்சரா?” என்று ராசப்பன் கேலி செய்தார்.

மாசி மாதம், தேருக்கு முந்தின வாரம், காரமடையில் டாக்டரம்மா புகையிலையை எதிர்த்து முகாம் போட்டார். பந்தல், நாற்காலிகள், நல்ல கூட்டம். பழனியாத்தாள் அன்று மண்டிக்குப் போகாமல் வந்திருந்தாள். தம்பி நான்கு நாளாகக் கஞ்சி மட்டும் குடிப்பது அவளுக்குத் தெரியும். பந்தல் ஓரத்தில் புருஷனைத் தனியாக அழைத்தாள்.

“ஏனுங்க, டாக்டரம்மா கைக்கெட்டற தூரத்துல இருக்கறாங்க. இவன் வாயக் காட்டிப்போடலாமுங்களா?”

ராசப்பன் கூட்டத்தைப் பார்த்தார். டீக்கடைப் பேச்சுக்காரர்கள் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“இன்னைக்கு வேண்டாம் அம்மணி. இத்தனை பேரு முன்னால வாய்ப்புண்ணுன்னு காட்டுனா, பாத்தீங்களா, பீடிய விட்டதுனாலதான்னு கெளம்பிருவானுங்க. இத்தன நாளு பட்ட பாடெல்லாம் வீணாப்போயிரும். மணத்தக்காளி கடைஞ்சு குடு, ஆறிப்போகும்.”

“மாமா சொன்னாச் சரிங்க அக்கா,” என்றான் சின்னான்.

மேடையில் ஏறியதும் வழக்கம்போல ராசப்பன் கையைக் காட்டினார். சின்னான் நாக்கை மடித்து ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் ஊதினான். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். ராசப்பன் சமயோசிதமாக, “மாப்ளைக்கு டாக்டரம்மாவப் பாத்து வெக்கமுங்க!” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. விஷயம் தெரியாமல் டாக்டரம்மாவும் சிரித்தார்.

மணத்தக்காளிக்கு ஆறவில்லை. ஆடி மாதத்துக்குள் கன்னம் வெளியே தெரிகிற மாதிரி வீங்கி, ஸ்பூன் நுழைகிற அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை. ராசப்பன்தான் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ராமாமணி டார்ச் அடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் டார்ச்சை அணைக்காமலே இருந்தார்.

“எப்போதிலிருந்து இருக்கு?”

“முகாமுக்கு முன்னாலயே இருந்துதுங்கம்மா,” என்றான் சின்னான். சொல் சரியாக வரவில்லை.

“அன்னைக்கு நான் பக்கத்துலதானே இருந்தேன்?”

ராசப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பீடியை விட்டாச்சு. வாயில் என்ன போட்டீங்க? பொகையிலையா? யார் பழக்கினது?”

“நானாப் பழகுனதுதானுங்கம்மா,” என்றான் சின்னான்.

அந்த ஒரு பொய்யை ராசப்பனால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. மாமன் மானத்தைக் காப்பாற்றுவதற்கு அந்த வாய் அப்போதும் திறந்தது.

அவர்களை அனுப்பும்போது டாக்டரம்மா ராசப்பனை மட்டும் நிறுத்தினார். “பீடியில் இருக்கிறதும் அதே பொகையிலைதான் ராசப்பன். ஒண்ணு நெஞ்சு வழியா எமனாகுது, இன்னொண்ணு வாய் வழியா. அன்னைக்கு மில்லில் டீ வந்ததும் நானும் பேச்சை முடிச்சிருக்கக் கூடாது.” திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆபரேஷனில் கன்னத்தையும் தாடையில் ஒரு பாகத்தையும் எடுத்தார்கள். சின்னான் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வீடு வந்தான். பேச்சும் போயிற்று, சீழ்க்கையும் போயிற்று. மகளை அழைக்க வேண்டுமென்றால் கையைத் தட்டுவான். பழனியாத்தாள் வெற்றிலைப் பையை அடுப்பில் போட்டாள். புருஷனிடம் முகாமைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வேளைக்குச் சோறு போட்டாள், அவ்வளவுதான். அவள் நான்கு வார்த்தை ஏசிவிட மாட்டாளா என்று அவர் ஏங்கிப்போனார்.

ராசப்பன் மறுபடி துணிப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தன் வைத்தியத்தைக் கேட்டவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய், துப்பச் சொல்லிக் கெஞ்சினார். வாயைத் திறக்கச் சொல்லி வெளிச்சத்தில் பார்த்தார். மாசாணம் என்று ஒரு மில்காரர், அவரால் பீடியை விட்டவர்தான், சிரித்துவிட்டார்.

“பீடிய விடச் சொன்னீங்க, விட்டோம். நீங்கதான் இதக் கையில குடுத்தீங்க. இப்ப இதையும் விடுன்னா, வாயில மண்ணப் போடறதுங்களா?”

ராசப்பன் அடுத்த ஆளைத் தேடிப் போனார். சிலர் அவருக்காகத் துப்பிவிட்டு, அவர் தலை மறைந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்கள். ஒருசிலர் விட்டார்கள். வினை விதைத்தவன் வினை அறுப்பான் என்பார்கள். இங்கே விதைத்தது ஒருவர், அறுத்தது இன்னொருவன்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் சின்னான் போய்ச் சேர்ந்தான்.

கருமாதி அன்று வாழையிலை விரித்துப் படையல் போட்டார்கள். செத்தவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைப்பது முறை. பணியாரம் வைத்தார்கள், கறிக்குழம்பு வைத்தார்கள். மில்லிலிருந்து வந்தவர்கள், கூட வேலை செய்தவன் ஆசைப்பட்டுப் போட்டது என்று, ஒரு புகையிலைப் பொட்டலத்தை இலையோரத்தில் வைத்தார்கள். ராசப்பன் அதை எடுத்து எறியக் கை நீட்டினார். அதற்குள் பழனியாத்தாள் அதை எடுத்துவிட்டாள்.

“அவனுக்குப் புடிச்சது பீடிங்க,” என்றாள். குரல் உயரவில்லை. “இது நீங்க பழக்குனது. என்ற பையில இருந்து எடுத்துக் குடுத்தது. நீங்களே வெச்சுக்குங்க.”

பொட்டலத்தை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த ஒரு கட்டுப் பீடியை எடுத்தாள். அதையும் அவரிடமே நீட்டினாள்.

“மாமன் கையாலதான் வெக்கோணும். வெய்யுங்க.”

சுற்றிலும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் வாயிலிருந்தெல்லாம் பீடியைப் பிடுங்கிப் போட்ட மனிதர், குனிந்து, அந்தக் கட்டை மச்சினனின் இலையில் வைத்தார். இன்னொரு கையில் இருந்த பொட்டலத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல், படையல் முடிகிறவரை மூடிய கையோடு நின்றார்.