ஏறிய நேரம்

இது கதை இல்லை. கதையாக இருந்திருந்தால் என்னை இன்னும் கொஞ்சம் தைரியசாலியாக எழுதியிருப்பேன். வாய்ப்பு கையில் இருந்தும் அப்படிச் செய்யவில்லை. இது நடந்தது என்பதற்கு அதையே சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றுக்கும் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நள்ளிரவு, நாய் ஊளை, விட்டு விட்டு எரியும் பல்பு எதுவும் இதில் கிடையாது. நடந்தது வியாழக்கிழமை, மாலை நாலு மணி பத்து நிமிடம். நல்ல வெயில். ஊசித்தட்டான்கள் வெயிலில்தான் பறக்கும். அதனால் எனக்கும் வெயிலில்தான் வியர்த்தது.

ஊசித்தட்டான் என்றால் தட்டானின் ஒல்லியான தங்கை. உட்கார்ந்தால் இறக்கைகளை ஒழுங்காக மடித்து முதுகில் வைத்துக்கொள்ளும். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் பழைய குளத்தில் அவற்றின் நடத்தையைப் பற்றி ஓர் ஆய்வு செய்ய வேண்டும். அதற்கு முதலில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு திட்டம் தயாரிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பேராசிரியர் அதில் கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பருவமே போச்சு.

நாங்கள் நாலு பேர். புள்ளியியலைக் கண்டு நாங்கள் ஓடும்போது எதிர்த்து நின்றவள் 'கணக்கு'. இருபது வயதிலேயே காதோரம் நரைத்தவன் 'தாத்தா'. அடுத்து 'அக்கா'. அவர் நிஜமாகவே அக்காதான். கல்யாணம், குழந்தை எல்லாம் ஆன பிறகு, பாதியில் விட்ட படிப்பைப் பிடிக்க வந்தவர். மகள் ஒன்றாம் வகுப்பு. ஐந்தரை மணிக்குப் பள்ளி வாசலில் அக்கா நிற்காவிட்டால் அந்தக் குட்டி அழுது ஊரைக் கூட்டிவிடும். நாலாவது ஆளான என்னை 'ஜோக்கர்' என்பார்கள். அந்தப் பெயர்தான் பிறகு என்னைக் கவிழ்த்தது.

திட்டத்தை ஆய்வக மேசையில் விரித்த ஒரு பெரிய சார்ட்டில் எழுதினோம். யார் எவ்வளவு உழைத்தார்கள் என்று பேராசிரியருக்குத் தெரிய வேண்டுமாம். அதனால் ஆளுக்கொரு நிறப் பேனா. எனக்குப் பச்சை, அக்காவுக்கு நீலம், தாத்தாவுக்குச் சிவப்பு, கணக்குக்குக் கறுப்பு. களத்தில் மட்டும் பேனா கூடாது, பென்சில்தான். மை தண்ணீரில் கரைந்துவிடும் என்பார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். கடையில் ஐந்து பென்சில் கொண்ட கட்டாகத்தான் கிடைத்தது. வாங்கிக் களப் பெட்டியில் வைத்தோம்.

செவ்வாய்க்கிழமை குளத்தின் படத்தை வரைந்து கரையை நாலு பகுதியாகப் பிரித்தோம். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கினோம். நாலாவது பகுதி எதிர்க்கரை. ஆள் உயர நாணல். உள்ளே நிற்பவரை வேறு எங்கிருந்தும் பார்க்க முடியாது. எனக்கு நீச்சல் தெரியாது. சீட்டு எழுதியது நான்.

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நாலாம் எண் சீட்டின் மூலையைக் கொஞ்சம் மடித்து வைத்தேன். அதை விட்டு வேறொன்றை எடுத்தேன். மடித்தது அக்காவுக்குப் போனது.

"எனக்கு எப்பவும் இப்படித்தான்டா வரும்" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வந்த மாதிரி காட்டிக்கொண்டேன். அதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

அன்று மாலை அக்காதான் முக்கியமான கேள்வியைக் கேட்டார். பெண் ஊசித்தட்டான் முட்டையிடத் தண்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இறங்கிவிடும். அரைமணி நேரம்கூட உள்ளே இருக்கும். அது முட்டையிடுகிறதா, மூழ்கிவிட்டதா என்று கரையில் நிற்பவருக்கு எப்படித் தெரியும்? யோசித்து ஒரு அட்டவணை போட்டோம். 'இறங்கிய நேரம்' ஒரு கட்டம். 'ஏறிய நேரம்' ஒரு கட்டம். ஏறாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது.

புதன்கிழமை மதியம் 2:20. சார்ட்டில் நாலாம் பகுதிக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது.

'கரை மாதிரி இருக்கும். கரை இல்லை.'

பென்சிலில்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் இல்லை என்றேன். "நீ இல்லன்னா உன் ஆவியா?" என்றான் தாத்தா. இதற்கு முன் நான் செய்த கிண்டல்களைக் கணக்கு தேதியோடு பட்டியல் போட்டாள். நான் ரப்பர் எடுத்து அழித்தேன். எழுத்து போய்விட்டது. ஆனால் அந்த இடத்தில் காகிதம் ஈரமாக இருந்தது. என் விரல் நுனியில் பாசி நாற்றம்.

வியாழக்கிழமை காலை 9:05. அழித்த வரி மறுபடியும் அதே இடத்தில் இருந்தது. அட்டவணையின் முதல் வரிசையும் நிரம்பியிருந்தது.

'பெண். இறங்கிய நேரம் 4:10. ஏறிய நேரம்...'

கடைசிக் கட்டம் காலி.

ஆய்வகச் சாவி உதவியாளரிடம்தான் இருக்கும். இரவு பூட்டியதைக் காலையில்தான் திறந்ததாகச் சொன்னார். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. "போதும்டா. நாளைக்குக் கையெழுத்து வாங்கணும்" என்றாள் கணக்கு. இடம் மாற்றிக்கொள்ளலாம் என்று அக்காவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். ஏன் என்று கேட்டால் மடித்த மூலையைச் சொல்ல வேண்டும்.

வாயை மூடிக்கொண்டேன்.

மூன்று மணிக்கு ஒத்திகை. ஆளுக்கொரு பகுதியில் நிற்க வேண்டும். கால் மணிக்கு ஒரு முறை, பகுதி வரிசைப்படி விசில் ஊத வேண்டும். பேராசிரியர் கண்டிப்பாகச் சொன்ன இன்னொரு விதி அது.

3:15. நான். கணக்கு. தாத்தா. அக்கா. நாலு விசில்.

3:30. நாலு விசில். என் பகுதியில் ஆண் தட்டான்கள் இரண்டு, ஒரு புல் நுனிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. பயமெல்லாம் போய், வேலையில் இறங்கிவிட்டேன்.

3:45. நான். கணக்கு. தாத்தா. அக்கா.

அப்புறம்... இன்னொன்று.

ஐந்தாவது.

அது விசில்தான். ஆனால் உள்ளே தண்ணீர் புகுந்த விசில். குமிழி விடுகிற மாதிரி, கொழகொழவென்று. தாத்தாவின் வேலை, எனக்குப் போட்டியாக வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

4:00. ஊதினேன். கணக்கு. தாத்தா.

பிறகு ஒன்றும் இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். பத்து வரை போனேன்.

அந்தக் கொழகொழச் சத்தம் மட்டும் வந்தது. நாணலுக்குள்ளிருந்து.

அக்காவும் கிண்டலில் இறங்கிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. மூன்று நிமிடம் அப்படியே நின்றேன். அந்த மூன்று நிமிடத்துக்கு இன்றைக்கும் நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

4:03. ஓடினேன்.

பாதிக் குளத்தைச் சுற்ற வேண்டும். வழியெல்லாம் முள். ஒரு செருப்பு போயிற்று.

4:10. அக்காவின் முதுகு தெரிந்தது. நாணல் ஓரம், தண்ணீரைக் குனிந்து பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு காலைத் தூக்கினார்.

கத்தினேன்... சத்தம் வரவில்லை.

விசிலை ஊதினேன்... காற்றுதான் வந்தது.

அக்கா காலை வைத்தார்.

கரை மாதிரி இருந்தது.

கரை இல்லை.

இடுப்பு வரை போய்விட்டார். கையில் இருந்த பூச்சி வலையின் நீளமான கம்பை நீட்டினேன். பிடித்தார். நான் குப்புறப் படுத்து இழுத்தேன். அக்கா ஒல்லி. என் பையைவிடக் கொஞ்சம்தான் கனம் என்று கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் கம்பு கனத்தது. அப்படிக் கனத்தது. இரண்டு ஆள் தொங்குகிற மாதிரி...

சட்டென்று வந்துவிட்டார்.

பழக்க தோஷம், கடிகாரத்தைப் பார்த்தேன். 4:12. அதை யாரிடமும் சொல்லவில்லை.

மூச்சு வந்ததும், ஏன் விசில் ஊதவில்லை என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை ஊதினேனேடா. தண்ணிப் பக்கம் இருந்து பதில் வந்துச்சு. யாருன்னு பார்க்கத்தான் ஒரு அடி வெச்சேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சீட்டு விஷயத்தைச் சொன்னேன். அக்கா முடியிலிருந்து பாசியை எடுத்துப் போட்டுக்கொண்டே கேட்டார்.

"மூலையை மடிச்சியே, அதுவா? அப்பவே பார்த்தேன்."

"பார்த்துட்டுமா எடுத்தீங்க?"

"உனக்கு நீச்சல் தெரியாதே."

பள்ளிக்கு அக்காவின் கணவரைப் போகச் சொல்லிவிட்டு, 5:20-க்கு ஆய்வகத்துக்குத் திரும்பினோம். சொட்டச் சொட்ட நின்ற அக்காவைப் பேராசிரியர் பார்த்தார். எந்தப் பகுதி என்று மட்டும் கேட்டார். நாலு என்றோம். அலமாரியின் அடித்தட்டைத் திறந்து, பாலித்தீன் உறையிலிருந்து ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்தார். உப்பிப்போன தாள்கள். பெரும்பாலானவை வெறும் நீலக் கறை.

முப்பத்தோரு வருடங்களுக்கு முன் அவர் மாணவராக இருந்தபோது இதே குளம், இதே ஆய்வு. நாலு பேர். அதில் ஒரு பெண், அதே எதிர்க்கரையில். மிதந்து வந்தது இந்தக் குறிப்பேடு மட்டும்தான். மையில் எழுதியதெல்லாம் கரைந்துவிட்டது. கடைசிப் பக்கத்தைப் பென்சிலில் எழுதியிருந்தாள். அது மட்டும் நின்றது.

"அன்னைக்கு அவ விசில் ஒரு மாதிரி கேட்டுச்சு" என்றார். "கிண்டல் பண்றான்னு உட்கார்ந்திருந்தோம். எங்க குழுவுல அவதான் ஜோக்கர்."

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சின்னச் சின்ன எழுத்து. எனக்கு அந்தக் கையெழுத்து தெரியும். இரண்டு முறை பார்த்திருக்கிறேன், ஒரு முறை அழித்திருக்கிறேன்.

'பெண். இறங்கிய நேரம் 4:10. ஏறிய நேரம்...' காலி.

நான் எங்கள் சார்ட்டை அவர் பக்கம் திருப்பினேன்.

காலையில் காலியாக இருந்த கட்டம் நிரம்பியிருந்தது.

4:12.

அந்தக் கட்டத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"ஏறினது எத்தனை பேர்?"

"அக்கா மட்டும்தான் சார்" என்றேன். தோள்பட்டை விண்ணென்று வலித்தது.

ஆய்வை வேறு குளத்துக்கு மாற்றினார்கள். மூன்று வாரமாகப் போய்க்கொண்டிருக்கிறோம். விசில் நாலுதான் கேட்கிறது. சார்ட்டில் புதிதாக எதுவும் இல்லை. எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது.

பெட்டியில் மட்டும் ஐந்து பென்சில் இருக்கின்றன. நாங்கள் நாலு பேர், ஆளுக்கு ஒன்றைத்தான் எடுக்கிறோம்.

ஐந்துமே குட்டையாகிக்கொண்டு வருகின்றன.