இரவல் பெயரில் ஒரு நடிகன்

கிளிஃபர்ட் ஆர்மரோட் காலமானார் என்று ஒரு செவ்வாய்க்கிழமை பேப்பரில் வந்தது. அந்த நேரத்தில் கிளிஃபர்ட் ஆர்மரோட் மான்செஸ்டரில் என் சமையலறையில் உட்கார்ந்து அவித்த முட்டையின் தலையைத் தட்டிக்கொண்டிருந்தான். செய்தியை அவன்தான் எனக்குப் படித்துக் காட்டினான். படித்து முடித்துப் பேப்பரை மடித்து வைத்தான். அப்புறம் முட்டையைத் தொடவில்லை.

செத்தவர் வேறு ஆள். இரண்டு பேருக்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனால் அந்தப் பெயர் என் நண்பனைப் படுத்திய பாடு கொஞ்சமில்லை. அதைச் சொல்ல என்னை விட்டால் இப்போது ஆள் இல்லை. என் பெயர் ஐவி. நானும் நடிகைதான். வேலைக்காரி, நர்ஸ், ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரி, இப்படித்தான் எனக்கு வரும். கிளிஃபர்டுக்கும் அந்த மாதிரி வேடங்கள்தான். உங்களுக்குள் ஏதாவது உண்டா என்று எங்களைக் கேட்காதவர்கள் குறைவு. நாடகத்துக்கு ஊர் மாறும் ஞாயிற்றுக்கிழமை ரயில்களில் எதிர் இருக்கையில் வாயைப் பிளந்து குறட்டை விடும் ஒரு ஆளை வருடக்கணக்காகப் பார்த்தவளுக்குக் காதல் எங்கிருந்து வரும்?

அவன் லங்காஷயரில் பர்ன்லி என்ற ஆலை ஊர்க்காரன். அப்பா ஏமஸ் ஆர்மரோட் நெசவாலையில் தறி மேஸ்திரி, ஞாயிறானால் சேப்பல் என்கிற சின்னத் தேவாலயத்தில் முதல் பெஞ்சு. அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆர்மரோட் மேல்தான் விழ வேண்டும். ஆனாலும் ஏமஸுக்கு அந்தப் பெயர் அரண்மனை மாதிரி. சொத்து என்று அவரிடம் வேறொன்றும் இல்லை. போருக்குப் போய்த் திரும்பிய மகன் ஆலைக்கு வராமல் நாடகக் கம்பெனியில் சேர்ந்ததைக்கூட அவர் எப்படியோ பொறுத்துக்கொண்டார். பெயர் விஷயத்தைத்தான் பொறுக்கவில்லை.

நடிகர் சங்கத்தில் ஒரு விதி உண்டு. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கக் கூடாது. முதலில் சேர்ந்தவருக்குத்தான் பெயர் சொந்தம். பின்னால் வருகிறவர், பெற்ற தாய் வைத்த பெயராகவே இருந்தாலும், வேறு தேடிக்கொள்ள வேண்டியதுதான். கிளிஃபர்ட் போய் நின்றபோது அவன் பெயரை வைத்துக்கொண்டு ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அங்கேயே நின்று யோசித்து ஏட்ரியன் வேல் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். அப்பாவிடம் சொல்லப் போனபோது நடந்ததை அவன் எனக்கு எத்தனையோ தடவை நடித்துக் காட்டியிருக்கிறான்.

"ஏட்ரியன் வேலா? அது யாரு?"

"நான்தாம்ப்பா."

"நீ கிளிஃபர்ட். உங்கம்மா வச்ச பேரு. ஆர்மரோட் எங்கப்பன் குடுத்தது. நடுவுல இந்த ஏட்ரியன் எங்கேருந்து மொளச்சான்?"

"அந்தப் பேர்ல ஒருத்தர் இருக்காருப்பா. ரெண்டு பேருக்குத் தர மாட்டாங்களாம். குழப்பம் வருமாம்."

"எங்க பெஞ்சுல ஆறு ஆர்மரோட் உக்காந்திருக்கோம். இதுவரைக்கும் ஆண்டவனுக்கே குழப்பம் வரல. உங்க சங்கத்துக்கு வந்துடுச்சோ?"

"விதி அப்படிப்பா. கோவிச்சுக்காம ஒரு தடவ வந்து நாடகத்தப் பாருங்க."

"போர்டுல எங்க பேரு வரட்டும், வரேன். எவனோ ஏட்ரியனப் பாக்க நான் எதுக்கு பஸ் ஏறணும்?"

அவ்வளவுதான். மனிதர் சொன்ன சொல்லில் நின்றார். மகன் மேடையேறாத ஊர் லங்காஷயரில் இல்லை. ஒன்றுக்கும் அவர் வரவில்லை.

இதில் இன்னொரு கூத்து என்னவென்றால், அந்தப் பெயரை வைத்திருந்த ஆசாமி சிரிப்பு நடிகர். பிளாக்பூல் கடற்பாலத்துக் கொட்டகையில் கோடை முழுக்க அவர் நாடகம் ஓடும். மூன்றாவது அங்கத்தில் அவருடைய கால்சட்டை அவிழ்ந்து விழும். சனம் அதற்காகவே டிக்கெட் வாங்கும். ஆலைக்கு விடுமுறை விட்டதும் பர்ன்லியே மூட்டை கட்டிக்கொண்டு பிளாக்பூலுக்குப் போகிற வழக்கம். போனவர்கள் சுவரொட்டியில் பெயரையும் மேடையில் சாயம் அப்பிய முகத்தையும் பார்த்துவிட்டு வந்து, "ஏமஸ், ஒம் மகன் எங்க வயித்தப் புண்ணாக்கிட்டான்ப்பா. ஆனா அந்தக் கால்சட்டை விஷயம், சேப்பல்காரன் மகனுக்கு அது தேவையா?" என்பார்கள். அது என் மகன் இல்லை என்று ஏமஸ் சொல்வார். பெற்ற பிள்ளையையே கைவிட்டுப் பேசுகிறாரே என்று அவர்கள் வருத்தத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

கிளிஃபர்டின் பிழைப்பு வேறு மாதிரி. நாங்கள் இருந்தது வாரத்துக்கு ஒரு நாடகம் போடுகிற கம்பெனிகளில். இந்த வார நாடகத்தை ராத்திரி நடித்துக்கொண்டே அடுத்த வார நாடகத்தைக் காலையில் ஒத்திகை பார்க்க வேண்டும். உடுப்பும் நம்முடையதுதான். அவனிடம் இரண்டு சூட்டும் ஒரு விருந்துக் கோட்டும் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டே அவன் பிரபு, கொலைகாரன், பாதிரியார், வங்கி மேலாளர் எல்லாமாகவும் ஆனான். தங்கும் வீட்டுக்காரிகள் ராத்திரி எங்களுக்கு மூடி வைக்கும் ஆறிப்போன பட்டாணியையும் மறக்க முடியாது. அவன் நல்ல நடிகன். நண்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. மேடையில் எதிராளி பேசும்போது நிஜமாகவே கேட்பான். மற்றவர்கள் தங்கள் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள்.

தொலைக்காட்சி வந்த பிறகு அவனுக்குக் கொஞ்சம் நல்ல காலம். போலீஸ் சார்ஜென்ட், மதுக்கடைக்காரர், பிரேதத்தை முதலில் பார்க்கிற தோட்டக்காரர் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பெட்டியில் தெரிவான். பஸ் நிறுத்தத்தில் சனங்கள், "நீங்க அவருதானே" என்று ஆரம்பித்து, யார் என்று சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டுப் போவார்கள். ஏமஸும் பார்ப்பார். தறிச் சத்தத்தில் முப்பது வயதிலேயே அவர் காது போய்விட்டது. ஆனால் தறிக்கூடத்தில் வேலை செய்தவர்கள் எல்லாரையும் போல உதட்டைப் பார்த்தே பேச்சைப் படிப்பார். மகன் ஊருக்குப் போகும்போது, "போன வாரம் அந்த ஏட்ரியன் டிவியில வந்தான். பரவால்ல, பையன் நல்லாத்தான் பேசறான். அவன் அப்பா யாரோ, குடுத்து வச்சவரு" என்பாராம். இதைச் சொல்லும்போது கிளிஃபர்ட் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது. கிழவரை நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் பிளாக்பூல்காரர் செத்துப்போனார்.

அப்பா வீட்டில் தொலைபேசி இல்லை. கிளிஃபர்ட் என்னையும் இழுத்துக்கொண்டு அன்றே பர்ன்லிக்கு ரயில் ஏறினான். போய்ச் சேர்ந்தால் முன்னறை முழுக்கச் சேப்பல் ஆட்கள். மேஜை நிறைய சாவு வீட்டுக்குக் கொண்டுவரும் ஹாம், அதாவது பன்றித் தொடைக்கறி. எல்லாரும் மரியாதைக்குத் தலையைக் குனிந்துகொண்டு ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். குனிந்த தலையில் உதட்டை எப்படிப் படிப்பது? எதற்கு வந்திருக்கிறார்கள் என்றே தெரியாமல் கிழவர் காலையிலிருந்து எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகன் உள்ளே நுழைந்ததும் எதிர் வீட்டுக்காரி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். ஒருவர் மெதுவாகப் பேப்பரை எடுத்துக் கிழவரிடம் காட்டினார். அவர் படித்தார். மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"உக்காரு. நல்ல ஹாம். உனக்காகத்தான் கொண்டாந்திருக்காங்க."

வந்தவர்கள் கூச்சத்தோடு கலைந்து போனார்கள். அப்புறம்தான் கிழவர் இருமினார். பஞ்சுத் தூசி தின்ற நுரையீரல் எப்படி இருமும் என்று எனக்குத் தெரியும்; என் அம்மாவும் தறிக்காரிதான். அடுத்த குளிர்காலத்தைத் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எதிர் வீட்டுக்காரி வாசலில் வைத்து எங்களிடம் சொன்னாள். நாங்கள் கிளம்பும்போது கிழவர் அடுப்பைப் பார்த்தபடி, யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னார்.

"அந்தப் பேரு இப்ப சும்மாத்தானே கெடக்கு."

ரயிலில் கிளிஃபர்ட் குறட்டை விடவில்லை.

அவனுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் லண்டனில் இருந்தான். டெஸ்மண்ட் பைக் என்று பெயர். என் வீட்டுத் தொலைபேசியில்தான் பேச்சு நடந்தது. பழைய பெயருக்கே திரும்பப்போவதாக இவன் சொன்னதும் பைக் கத்தியது எனக்குச் சமையலறை வரை கேட்டது.

"ஏட்ரியன், மூளை பிசகிடுச்சா? டிவியில வரப்போற டாக்டர் தொடருக்கு உன்னத்தான் கேக்கறாங்க. ரெண்டு வருஷ வேலை. அவங்க கேக்கறது ஏட்ரியன் வேல்ங்கற ஆள. கிளிஃபர்ட் ஆர்மரோட்னு சொன்னா, செத்துட்டாரேம்பாங்க."

"உயிரோட இருக்கேன்னு நீ சொல்லு."

"சொல்லிக்கிட்டே இருக்கறதா என் வேலை?"

நானும் சும்மா இருக்கவில்லை. "அம்பத்து மூணு வயசுல இது என்ன பிடிவாதம்? வாழ்நாள்ல ஒரு தடவதான் இந்த மாதிரி வேலை வரும். உங்கப்பா இத்தன வருஷம் வீம்பு பண்ணினாரு, இப்ப நீயா?" என்று சண்டை போட்டேன்.

"வேலை போனா இன்னொண்ணு வரும். வராமயும் போகலாம்" என்றான். "அவரு ஒரு தடவ வந்து பாக்கணும் ஐவி. அது வராமப் போயிடக் கூடாது."

சங்கம் பெயரைக் கொடுத்துவிட்டது. டாக்டர் தொடருக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். கோடை முழுக்க அவனுக்கு வேலை இல்லை. விளம்பரத்துக்குக் குரல் கொடுக்கக்கூட யாரும் கூப்பிடவில்லை. பர்ன்லியில் இருமல் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியாக அக்டோபரில் பர்ன்லிக்குப் பக்கத்து ஊரான பிளாக்பர்னில் ஒரு மாளிகை நாடகம் கிடைத்தது. அவன் பட்லர், நான் பணிப்பெண். அவனுக்கு நாலு வசனம். வாசல் போர்டில் எல்லார் பெயருக்கும் கீழே, என் பெயருக்கு மட்டும் மேலே, கிளிஃபர்ட் ஆர்மரோட் என்று போட்டார்கள். அவன் மழையில் நின்று அதைப் பார்த்தான். இந்தப் பெயரை நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்றான். மற்ற பெயர்களையும் அதே ஆள்தான் எழுதியிருந்தான்.

முதல் வரிசையில் நடு இருக்கையை அப்பாவுக்கு வாங்கி வைத்திருந்தான். எதிர் வீட்டுக்காரி தன் தம்பி காரில் அவரை அழைத்து வருவதாக ஏற்பாடு. திரை எழுந்தது. இருக்கை காலி. முதல் அங்கம் முழுக்கக் காலி. இடைவேளையில் கிளிஃபர்ட் என்னிடம், "மழை ஜாஸ்தி. ரோடு அடைச்சிருக்கும்" என்றான். நானும் ஆமாம் என்றேன். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாம் அங்கம் விருந்துக் காட்சி. திரை எழுந்தபோது கிழவர் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டு, மடியில் நனைந்த தொப்பி, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. மேடை விளக்கு அவர் முகத்தில் பட்டது. முன்னால் பெரிய நடிகர்கள் மேஜையில் பேச, பின்னால் நிற்கும் எங்களைப் போன்றவர்கள் ஏதோ பேசிக்கொள்வதுபோல் சத்தமில்லாமல் வாயசைக்க வேண்டும். அது எங்கள் தொழிலின் வழக்கம். என்ன சொல்கிறோம் என்று யாருக்கும் அக்கறை கிடையாது. ஆனால் கிழவர் கதாநாயகியைப் பார்க்கவில்லை. எங்கள் உதட்டைத்தான் பார்த்தார்.

கிளிஃபர்ட் என் பக்கம் இருந்து அப்பாவை நோக்கி மெல்லத் திரும்பினான். தறிக்கூடத்துக்காரர்கள் செய்வதுபோல் உதட்டை நன்றாக விரித்து, சத்தமில்லாமல் கேட்டான்.

"போர்டுல பேரப் பாத்தீங்களாப்பா?"

கிழவர் வாயும் அசைந்தது. நானும் தறிக்காரி மகள். அதனால் எனக்கும் புரிந்தது.

"பாத்தேன். மழையில நின்னுதான் பாத்தேன். எழுத்து ரொம்பச் சின்னது."

"அடுத்த தடவ பெருசாப் போடுவாங்கப்பா."

"அடுத்த தடவைக்கு நான் எங்கடா இருக்கப்போறேன்."

கிளிஃபர்டின் வாய் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கதாநாயகி திரும்பி, "கார் வந்துவிட்டதா?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. மேடை ஓரத்திலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவள் மெதுவாகச் சொன்னாள், கொஞ்சம் உரக்க இன்னொரு தடவை சொன்னாள். அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அவன் கன்னத்துச் சாயம் கரைந்து கழுத்துப் பட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. வசனத்தை நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அதற்குள் கிழவர் முன்னால் சாய்ந்தார். உதடுகள் பெரிதாக அசைந்தன.

"கிளிஃபர்ட் ஆர்மரோட். உன்னத்தான் கேக்கறாங்க. வேலையப் பாரு."

அவன் நிமிர்ந்தான். "வந்துவிட்டது, அம்மணி" என்றான். கடைசி வரிசைக்கும் கேட்கும் குரல்.

யாரும் கை தட்டுகிற இடமில்லை அது. கிழவர் தொப்பியைக் கீழே போட்டுவிட்டுத் தனியாகக் கை தட்டினார். முதல் வரிசை முழுக்க அவரைத் திரும்பிப் பார்த்தது. எதிர் வீட்டுக்காரி அவர் கையைப் பிடித்து அமர்த்தப் பார்த்தாள். அவர் அவள் கையைத் தள்ளிவிட்டு, இருமிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தார்.