கனவு வராத இஸ்திகாரா

"வடிவமைப்புப் பாடத்தில் பொது நிலையா, மேல் நிலையா என்பதை வியாழக்கிழமைக்குள் பெற்றோர் கையொப்பத்துடன் அறிவிக்கவும். பின்னர் மாற்ற முடியாது." சென்ற ஆண்டு நோன்பு முடிந்த ஷவ்வால் மாதம், ஒரு திங்கட்கிழமை, என் மகள் ஹஸ்னா கொண்டுவந்த பாடசாலைக் குறிப்பு இது.

பொது நிலைக்கு வரைபடமும் அட்டை மாதிரியும் போதும். மேல் நிலைக்கு வாள் பிடித்து மரம் அறுத்து, ஒருவர் உண்மையில் பயன்படுத்தும் பொருளைச் செய்து முடிக்க வேண்டும். கட்டடக் கலை படிக்கும் அவளுடைய ஆசைக்கு மேல் நிலையே நல்ல வழி. ஆனால் ரமழானுக்கு முன் அலுவிகாரையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டு அவிழ்த்த பிறகும் அந்தக் கையால் தண்ணீர்க் குழாயைக்கூடத் திருக முடியவில்லை. வாளை எப்படிப் பிடிப்பாள்? நான் உடைந்துபோனேன்.

அன்றே, நல்ல வழி காட்டக் கேட்கும் இஸ்திகாரா தொழுகையை இரண்டு ரக்அத் தொழுது, "யா அல்லாஹ், எது ஹைரோ, எது நல்லதோ, அதைக் காட்டு" என்று அழுதேன். பிறகு நம்மில் பலர் செய்யும் தவறையே செய்தேன்: கனவுக்குக் காத்திருந்தேன். பச்சை கண்டால் சம்மதம், கறுப்பு கண்டால் மறுப்பு! செவ்வாயன்று ஒன்றுமில்லை. புதனன்று கனவில் பலாப்பழம் வந்தது.

"வெளிய பச்சை, உள்ள மஞ்சள். இப்ப என்னா செய்யிற?" என்று என் கணவர் சிரித்தார்.

"நீங்க சும்மா இருங்க."

"உம்மா, படிக்கப் போறது நான். கனவு பாக்குறது நீங்களா?" என்றாள் ஹஸ்னா. "நானும் தொழுதேன். மனசு லேசாயிருக்கு."

வியாழன் அதிகாலை, சுபஹ் தொழுகைக்குப் பின், முற்றத்தில் தண்ணீர் கொட்டும் சத்தம். ஓடினேன். ஹஸ்னா பழைய மரக்கரண்டிக் காம்பில் இடது கையால் பள்ளம் செதுக்கி, குழாய்ப் பிடியில் ரப்பர் பட்டியால் கட்டியிருந்தாள். குழாயை மூடிவிட்டு, வலது உள்ளங்கையால் மறுபடி தள்ளினாள். குழாய் திறந்தது!

"விரலே தேவல்ல, உம்மா! என்ன மாதிரி கை ஏலாதவங்களுக்கு இதத்தான் செய்யப் போறேன்!"

என் நெஞ்சு அப்படியே விரிந்தது. இதுதான் பதில்! பாடசாலை வேன் வருமுன் 'மேல் நிலை' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அல்ஹம்துலில்லாஹ், இந்த ஆண்டு, குழாயைத் தள்ளித் திறக்கும் அதே பிடியை நல்ல மரத்தில் செய்து தேர்வில் சித்தியடைந்தாள். இடது கையில் தொடங்கி, மெல்ல வலதையும் சேர்த்து அறுத்து அறுத்தே கையும் தேறியது. நான் இப்போது கனவு தேடுவதில்லை. கேட்கிறேன், எழுந்து வேலையைப் பார்க்கிறேன், வழி எங்கே திறக்கிறது என்று கவனிக்கிறேன். சகோதரிகளே, நீங்களும் கேளுங்கள். அவன் கேட்காதவன் அல்ல.

ஹஸ்னா செய்து, பாடசாலை கொடுத்தனுப்பிய ஒரு பிடியால், வில்கமுவவில் பாரிசவாதம் வந்து கை விழுந்த ஒரு பெண் தானே குழாய் திறந்து முகம் கழுவுகிறாராம். ஹஸ்னாவின் தோழி சொன்னது. நான் இன்னும் போய்ப் பார்த்து உறுதிசெய்யவில்லை.